சாந்துச் சட்டியும் தொழிற் சான்றிதழும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நம் சமுதாயப் பெற்றோர் பள்ளித் தலைமையாசிரியரை நாடி வந்து கேட்கும் வினா ஒன்று உண்டு. ‘பையனைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதா, மேஸ்திரியிடம் வேலைக்கு அனுப்புவதா?’ என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் தாமே கட்டட வேலைக்குச் செல்லும் தந்தையோ தாயோ ஆவர். சாந்துச் சட்டியின் பாரம் எத்தகையது என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் அறிய விரும்புவது வேறு. ஓராண்டோ ஈராண்டோ மகனின் கூலியை இழந்து பெறும் அந்தத் தாள், இழந்ததை ஈடு செய்யுமா என்பதையே அறிய விரும்புகின்றனர். இவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. தொழிற்கல்வி நம் தெருவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றை அறிந்த பின்னரே அதன் விலையையும் பயனையும் எடைபோட முடியும்.

முன்னாளில் தமிழகத்தில் கட்டடக் கலை பிறப்பால் கைமாறியது. கல் தச்சும் மரத் தச்சும் கம்மாளர் குலத் தொழில்களாக விளங்கின. தந்தை மகனுக்குக் கற்பித்தார். மகனுக்கு வேறொரு சான்று தேவைப்படவில்லை. நம் முன்னோர் அதே கட்டடங்களுக்கு மண் வெட்டினர், சுண்ணாம்பு குழைத்தனர், செங்கல் சுமந்தனர். கட்டுமானத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. கணக்கிலும் கருவியிலும் பங்கில்லை. நூல் பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் தெரிந்த கைக்கு ஒரு கூலி, சுமக்கும் தலைக்கு வேறொரு கூலி என்னும் ஏற்பாடு அன்று தொடங்கியது. கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் இன்றுள்ள இடைவெளியில் அதன் எச்சத்தைக் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் புதுவகைத் தொழிற்கல்வி பிறந்தது. 1794 ஆம் ஆண்டு சென்னையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920 இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. 1850 இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளி, பின்னர் அரசின் தொழிற்கலைப் பள்ளியாயிற்று. இவை நற்செயல்களே. ஆயினும் எழுத்துப் பள்ளியின் திண்ணையிலேயே இடம் பெறாதவர்க்கு அளவைப் பள்ளியின் கதவு திறந்திருந்தும் பயன் யாது? 1894 இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தபோது, அளவைப் பள்ளிக்கு நூறு வயது நிறைந்திருந்தது. நாம் அரிச்சுவடியைத் தொட்டதற்கும் பிறர் அளவுச் சங்கிலியைத் தொட்டதற்கும் இடையே ஒரு முழு நூற்றாண்டு கிடக்கிறது.

அந்த இடைவெளியைக் குறைக்க முயன்றோர் நம்மிலேயே தோன்றினர். இரட்டைமலை சீனிவாசனார் 1893 இல் தம் இதழைத் தொடங்கினார். சுவாமி சகசானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் கண்டார். ஆசிரியப் பணியிலிருந்து பொது வாழ்வுக்கு வந்த எம்.சி. இராசா 1920 இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். அதனையொட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் நம் மக்களுக்கெனப் பள்ளிகளும் கிணறுகளும் மனைகளும் வழங்கும் பணி நடைபெறலாயிற்று. ‘லேபர் ஸ்கூல்’ என்று முதியோர் இன்றும் சொல்லுவது அப்பள்ளிகளையே. இவையனைத்தும் எழுத்தறிவுக்கான முயற்சிகள். கைத்தொழிலை முறையாகக் கற்பிக்கும் வாய்ப்பு இன்னும் வரவில்லை.

வந்தபோது அது தவறான உருவத்தில் வந்தது. 1953 இல் இராசாசி அவர்கள் முதலமைச்சராக இருந்த காலத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும், மறு பகுதியைப் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 இல் பொறுப்பேற்ற காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. நம் சமுதாயத்தின் கண்கொண்டு அத்திட்டத்தைப் பார்த்தல் வேண்டும். தச்சர் மகன் உளியைக் கற்பான், பொற்கொல்லர் மகன் ஊதுகுழலைக் கற்பான். நிலமற்ற பண்ணையாள் மகன் பிற்பகலில் எதனைக் கற்பான்? சாணம் அள்ளுவதையும் செத்த மாட்டைத் தூக்குவதையுமா? கைத்தொழில் என்றாலே நம் பெற்றோர் முகம் சுளிப்பதற்கு இந்நினைவும் ஒரு காரணம். ‘தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்தோம், எம் பிள்ளையும் கையால்தான் உழைக்க வேண்டுமா?’ என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களிடையேயும் எழுந்தது. 1881 இல் டஸ்கிகீயில் பள்ளி தொடங்கிய புக்கர் வாசிங்டன், மாணவர்களையே செங்கல் சுடவும் கட்டடம் எழுப்பவும் பழக்கினார். தொழிலே விடுதலைக்கு வழி என்றார். தூ பாய்ஸ் என்னும் அறிஞர் 1903 இல் அதனை மறுத்து, உயர்கல்வியும் வாக்குரிமையுமின்றித் தொழில் மட்டும் ஒரு மக்களை நிமிர்த்தாது என்றார். அவர்தம் வாதம் நெடுநாள் நடந்தது. டஸ்கிகீயின் கட்டடங்கள் பலவற்றுக்கு வரைபடம் தந்தவர், 1892 இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான இராபர்ட் டெய்லர் என்பதை மட்டும் ஈண்டுக் குறிப்பிட்டு மேற்செல்வோம். செங்கல் சுட்டவரும் வரைபடம் போட்டவரும் ஓரினத்தாராகவே இருந்த இடம் அது.

நம் நாட்டில் இவ்விரண்டையும் ஒருசேரக் கண்டவர் அண்ணல் அம்பேத்கர். அவரைச் சட்ட மேதையாக அறிந்த அளவிற்கு, 1942 முதல் 1946 வரை வைசிராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் ஆற்றிய பணியை நம்மவர் அறிந்திலர். 1942 அக்டோபரில் அவர் வைசிராய்க்கு அளித்த விண்ணப்பத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில உதவித்தொகை வேண்டும் என்று கேட்டார். அதனோடு நில்லாமல், அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞரைத் தொழில் பழகுநராகச் சேர்த்தல் வேண்டும் என்றும் கேட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெற்ற ஒருவர், பட்டறையின் பழகுநர் இடத்தையும் கேட்டு வாங்க முனைந்தார் என்பது எண்ணி எண்ணிப் பார்க்கத் தக்கது. 1944 இல் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கிற்று. 1945 இல் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்பு இயக்ககம் அவருடைய துறையின்கீழ் அமைந்தது. நாம் பெயர் பதியும் வேலைவாய்ப்பகங்கள் அதன் வழி வந்தவையே.

உலகப் போர்க் காலத்தில் படைக்குத் தேவையான தொழிலாளரைப் பழக்க ஏற்பட்ட பயிற்சி ஏற்பாடு, போர் முடிந்தபின் படைவிலகிய வீரர்க்கும், நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தோர்க்கும் பயன்பட்டது. 1950 இல் அது பொதுமக்களுக்கான கைவினைஞர் பயிற்சித் திட்டமாக உருப்பெற்றது. நாடெங்கும் சுமார் 50 நிலையங்களே அப்போது இருந்தன. 1956 இல் அன்றாட நிருவாகம் மாநிலங்களின் பொறுப்பாயிற்று. தேர்வு முறைக்கும் சான்றிதழுக்கும் நாடு தழுவிய ஒரு குழு ஏற்பட்டது. 1961 இல் தொழில் பழகுநர் சட்டம் நிறைவேறியது. 1973 இல் அச்சட்டத்தைத் திருத்தி, பழகுநர் இடங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு செய்தனர். அண்ணல் 1942 இல் விண்ணப்பமாகக் கேட்டது சட்டத்தின் வரியாக மாற 31 ஆண்டுகள் ஆயின. தமிழகத்தில் இன்று அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் நூற்றுக்கு மேற்பட்டு இயங்குகின்றன.

குலக்கல்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளிது. அங்கே தந்தை யார் என்பது பாடத்தைத் தீர்மானித்தது. இங்கே மதிப்பெண்ணும் விருப்பமும் தீர்மானிக்கின்றன. பண்ணையாள் மகன் மின்கம்பியாள் ஆகலாம்; சலவைத் தொழிலாளியின் மகள் படவரைவாளர் ஆகலாம். பட்டறையில் ஒரே மேசையில் ஒரே அரத்தை மாற்றி மாற்றிப் பிடிக்கின்றனர். இதனை ஒரு சிறு புரட்சி என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் புரட்சிக்கும் விலை உண்டு. இனி அவ்விலையைக் கணக்கிடுவோம்.

அரசினர் நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பேருந்துச் சலுகை, சீருடை, வரைபடக் கருவிகள் ஆகியவை தரப்படுகின்றன. அரசுப் பள்ளியில் பயின்று வந்த பெண்களுக்கு 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆகவே பயிற்சி இலவசம் என்று சொல்லிவிடலாம், சொல்லுவோரும் பலர். ஆனால் ஏழைக் குடும்பத்தின் கணக்கேட்டில் செலவு வேறிடத்தில் எழுதப்படுகிறது. ஒரு கையாளுக்கு நாட்கூலி 600 ரூபாய் என்றும், மாதம் 20 நாள் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் ஆகிறது. உதவித்தொகை இரண்டும் சேர்ந்து 1,750. மீதி 10,250 ரூபாயை அக்குடும்பம் மாதந்தோறும் இழக்கிறது. ஓராண்டில் 1,23,000, ஈராண்டுப் பிரிவாயின் 2,46,000. ‘இலவசப்’ பயிற்சியின் உண்மை விலை இதுவே. வட்டிக்கு வாங்கி உண்ணும் வீட்டில் இது மலையளவு.

இக்கணக்கில் ஒரு திருத்தமும் வேண்டும். பதினாறு வயதுச் சிறுவன் சாரத்தில் ஏறி வாங்கும் கூலி எந்த ஏட்டிலும் ஏறாத கூலி. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 வயது நிரம்பியோர்தாம் உறுப்பினராகலாம். அச்சிறுவன் தவறி விழுந்தால் வாரியத்தின் விபத்து உதவி அவனுக்கு இல்லை. அப்படி விழுந்த ஒரு மாணவனை யாம் அறிவோம். ஒப்பந்தக்காரர் மருத்துவமனை வாயில் வரை வந்து, ஐயாயிரம் ரூபாயைத் தந்துவிட்டுச் சென்றார். ஆகையால் இழக்கும் கூலியை எண்ணும்போது அதன் பின்னுள்ள ஆபத்தையும் உடன் எண்ணுதல் முறை.

இனிப் பயன். சான்றிதழ் எல்லாத் தொழிலிலும் ஒரே பயன் தருவதன்று. எவ்விடத்தில் சட்டமோ விதியோ அத்தாளைக் கேட்கிறதோ அவ்விடத்தில் அதற்கு மதிப்பு. எவ்விடத்தில் மேஸ்திரியின் கண்ணே தேர்வாளராக இருக்கிறதோ அவ்விடத்தில் மதிப்புக் குறைவு.

கொத்தனார் தொழிலை எடுத்துக்கொள்வோம். அது ஓராண்டுப் பயிற்சி. வீடு கட்டுவோர் எவரும் சான்றிதழைக் கேட்பதில்லை. செங்கல் வரிசை நூலில் நிற்கிறதா, பூச்சில் மணியாசுக் கட்டை சீராக ஓடியிருக்கிறதா என்றே பார்ப்பர். கரண்டி பிடிக்கும் வித்தையைக் கூலி வாங்கிக்கொண்டே பணியிடத்தில் கற்கலாம். எனவே உள்ளூரிலேயே வேலை செய்யப் போகும் இளைஞன் இதற்கென ஓராண்டுக் கூலியை இழப்பது, எம் கருத்தில், இலாபமன்று. தொழிலை முன்னரே கற்றுத் தேர்ந்தவர்க்கு வேறு வழியும் உண்டு. 2015 இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் திட்டத்தில், முன்பே பெற்ற திறமையைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை ஏற்பட்டது. பெரிய கட்டுமான நிறுவனங்களில் சேர விழைவோர்க்கு அது உதவும்.

மின்கம்பியாள், மின் பணியாளர் பிரிவுகளின் நிலை வேறு. அவை ஈராண்டுப் பயிற்சிகள். கட்டடத்தில் மின் இணைப்பு வேலையை உரிமம் பெற்றோரே செய்தல் வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுத்தன; பின்வந்த ஒழுங்குமுறைகளும் அவ்வாறே கூறுகின்றன. தொழிற் சான்றிதழ் உடையவர்க்கு அவ்வுரிமத்தை அடையும் வழி குறுகியது. அஃதில்லாதவர் 5 ஆண்டு அனுபவம் காட்டி மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வை எழுதி மெல்ல மேலேற வேண்டும். மின் வாரியமும் இரயில்வேயும் தத்தம் தொழிலாளரைத் தேர்ந்தெடுக்கையில் இச்சான்றிதழையே அடிப்படைத் தகுதியாகக் கேட்கின்றன. அவ்விடங்களில் நம் ஒதுக்கீடும் செல்லுபடியாகிறது. மேற்கூறிய 2,46,000 ரூபாய் இழப்பை, மாதம் 5,000 ரூபாய் கூடுதல் வருவாய் கிடைக்குமாயின், நான்காண்டும் ஒரு மாதமும் ஆன பின் ஈடு செய்துவிடலாம். அதன்பின் வருவதெல்லாம் வரவு. இதனினும் பெரியது, 45 வயதில் முதுகு வளையும்போது தெரியும். சுமை தூக்கியவனின் கூலி அப்போது இறங்கத் தொடங்கும். அரசுப் பணியாளர்க்கு அவ்வச்சம் இல்லை.

நில அளவர், படவரைவாளர் ஆகிய பிரிவுகளை நம்மவர் போதிய அளவு நாடவில்லை என்பது எம் நெடுநாள் குறை. 2022 இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நில அளவர், வரைவாளர் முதலிய 1,089 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்றோரும் அதற்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையோராயினர். 1891 இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தந்த அறிக்கையின் பயனாக நம் மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எங்கெங்கே உள்ளன, எவர் கையில் உள்ளன என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம். புல எண்ணைப் படிக்கவும் எல்லைக் கல்லைக் காணவும் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு இருவர் இருந்தால் அத்தேடல் எவ்வளவு எளிதாகும்!

வெளிநாட்டு வேலையைப் பற்றியும் ஒரு சொல். 1973 இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணி பெருகியது; தமிழகத்துக் கொத்தனாரும் கம்பி கட்டுவோரும் ஆயிரக்கணக்கில் சென்றனர். 1983 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் அந்நாடுகளுக்குச் செல்ல அரசின் சோதனை அனுமதி பெற வேண்டும். முகவர்கள் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று விதி கூறும். நம் தெருக்களில் இலட்சம் கொடுத்துச் சென்றவர் உளர். தாலியை அடகு வைத்துச் செல்வோர், வேலை ஒப்பந்தத்தில் தொழிலின் பெயர் என்னவென்று எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். மின் பணியாளர் என்று அழைத்துச் சென்று சுமை தூக்க வைத்த கதைகள் பல.

சான்றிதழ் இல்லாதாரின் போராட்டத்தையும் நாம் மறத்தல் ஆகாது. கட்டடத் தொழிலாளர் ஒன்றுகூடிக் குரல் கொடுத்ததன் பயனாக 1982 இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994 இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் தோன்றின. 1996 இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றி, கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கெனத் தீர்வையாக விதித்தது. இவ்வாரியம், உறுப்பினரின் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலவும் உதவித்தொகை தருகிறது. தாயோ தந்தையோ உறுப்பினர் அட்டையை உரிய காலத்தில் புதுப்பிக்காத காரணத்தால் இதனை இழக்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறோம்.

நிலையத்தைத் தெரிவு செய்வதிலும் விழிப்பு வேண்டும். சில தனியார் நிலையங்கள் மாநில அளவிலான சான்றிதழை மட்டுமே தரும்; நாட்டளவிலான அங்கீகாரம் இராது. சில பணிகளுக்குப் பின்னதையே கேட்பதுண்டு. கட்டணம் கட்டி, ஈராண்டு கழித்து, விண்ணப்பம் தள்ளுபடியான பின் இவ்வேறுபாட்டை அறிவதில் பயனில்லை. சேருமுன் அந்நிலையத்தின் அங்கீகார எண்ணைக் கேட்டுப் பெறுக. சான்றிதழ் கையிலிருந்தும், நேர்காணலில் ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று வினவும் முதலாளிகள் இன்றும் உளர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அதற்கு மருந்து சான்றிதழில் இல்லை; ஒதுக்கீடு செல்லுபடியாகும் இடங்களை முதலில் நாடுவதே நடைமுறை அறிவு.

பயிற்சியோடு படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணவும் வேண்டா. பத்தாம் வகுப்பும் ஈராண்டுத் தொழிற்பயிற்சியும் முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். அங்கிருந்து பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லும் வழியும் உண்டு. ‘கையால் உழைப்பதா, மூளையால் உழைப்பதா’ என்று வாதிடும் பெற்றோர்க்கு இப்படிக்கட்டை நாம் காட்டுதல் வேண்டும்.

இறுதியாக மகளிர் செய்தி. கட்டடப் பணியில் பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்கிறாள். இருபது ஆண்டு கலவை சுமந்தவளுக்கும் கரண்டி கொடுக்கப்படுவதில்லை. அவளோடு வேலைக்கு வந்த பையன் மூன்றாம் ஆண்டில் கொத்தனாராகி அவளை ஏவுகிறான். இவ்விடத்தில்தான் தாள் தேவைப்படுகிறது. மேஸ்திரி மறுப்பதைப் பயிற்சி நிலையம் மறுக்க இயலாது. தமிழகத்தில் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம்; பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. எட்டாம் வகுப்புத் தேறியோர்க்கும் சில பிரிவுகள் உண்டு. முப்பத்தைந்து வயதுச் சித்தாள் ஒருத்தி மகளோடு ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கத் தடையேதும் இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றோடு வருவோர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தர நம் கழகத்தின் மாலைப் பாடசாலை ஆசிரியர்கள் கோடை விடுமுறையிலும் இருப்பர்.